மவுண்டன் சைக்கிளும் மரக்கறி மூட்டையும்

இடம்பெயரும் கமக்காரக் குடும்பம் ஒன்று எதை எடுத்துச் செல்லும், எதை விட்டுச் செல்லும் என்பதை நமது மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, அவர்களுள் பெரும்பாலானோரிடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள்தான். ஏறி ஓட இடமில்லாத சன நெரிசலில் அதை உருட்டிக்கொண்டே போனார்கள். கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஹான்டிலில் குடமும் பாயும். அதற்கு முன்னர், 1990 இன் பின் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமற்போன காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களும் நாமே. 2022 இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது தெற்கிலும் சைக்கிளின் விலை ஏறியது. வடக்கில் அதன் பெறுமதியை மக்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள்.

இன்றும் மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ இல்லாத குடும்பத்திற்கு, தோட்டத்துக் கத்தரிக்காய் விடியமுன் சந்தைக்குப் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது சைக்கிளே. பாதி வழியில் செயின் அறுந்தால் அன்று சந்தை இல்லை. மறுநாள் வாடிய காயை வீட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சிறிய ஊசி உடைந்ததால் போகும் பணம், அந்த ஊசியின் விலையைப்போல் பல மடங்கு. ஆதலால் சைக்கிள் பராமரிப்பையும் பயிர்ப் பராமரிப்பைப் போன்ற ஒரு விவசாய விடயமாகவே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது இதைப்பற்றி எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. கிராமங்களுக்குள் “மவுண்டன்” சைக்கிள்கள் நிறைய வந்துவிட்டன. சில உதவியாகக் கிடைத்தவை, சில வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய காசில் வாங்கியவை, சில தவணைக்கு எடுத்தவை. அகலமான ரயர், முன்னுக்கு ஸ்பிரிங், பதினெட்டு அல்லது இருபத்தொரு கியர் என்று பிள்ளைகளுக்கு அவற்றில் பெரும் ஆசை. ஆனால் வீடுகளுக்குப் போகும்போது நாம் காண்பது என்ன? வேலியோரம் சாத்திய மவுண்டன் சைக்கிளில் கொடி படர்ந்திருக்கும். தகப்பனாரின் பழைய கறுப்புச் சைக்கிள் மூட்டையோடு வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் மவுண்டன் சைக்கிளின் பிழை பாதிதான். அது பிறந்த கதையே பழைய சைக்கிளைத் திருத்தி ஓடிய கதை. 1970 களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியில், சில இளைஞர்கள் 1930 களிலும் 40 களிலும் செய்யப்பட்ட பாரமான, தடித்த ரயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து மண்பாதையில் மலையிறங்கினார்கள். அவற்றில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக்தான் இருந்தது. ஒரு முறை இறங்கி முடியும்போது பின் ஹப் சூடேறி உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், 1976 இல் அவர்கள் தொடங்கிய அந்தப் போட்டிக்கே “மீண்டும் அடைத்தல்” என்று பொருள்படும் “றீபக்” என்ற பெயர் வந்தது. அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ் என்பவர் 1977 இல் அந்த வேலைக்கென்றே புதிய பிறேம் செய்தார். மவுண்டன் சைக்கிளின் தொடக்கம் இதுவே. கிறீஸும் ஸ்பனரும் கையில் வைத்திருந்தவர்கள் உருவாக்கிய வண்டியைப் பராமரிப்பின்றி ஓட நினைப்பது பொருந்தாது.

வாங்குமுன்

சுமைக்கு எது நல்லது என்று கேட்டால், நமது பதில் இன்றும் பழைய வகைக் கறுப்புச் சைக்கிள்தான். அதன் பின் சில்லில் 40 கம்பிகளும் முன் சில்லில் 32 கம்பிகளும் இருக்கும். பாரம் பின்னுக்கே விழும் என்று கணக்கிட்டுச் செய்த வண்டி அது. மவுண்டன் சைக்கிளில் பொதுவாக இரு சில்லுக்கும் 36 கம்பிகள். சிலவற்றில் அதிலும் குறைவு. ஆயினும் கிறவல் வீதியிலும் குளக்கட்டிலும் மணலிலும் அகலமான ரயர் நன்றாகப் பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், பாரம் குறைந்த தூரப் பயணத்திற்கும் அது உகந்தது.

மவுண்டன்தான் வாங்குவதென்றால் மூன்று விடயங்களைப் பாருங்கள். பின்னுக்கும் ஸ்பிரிங் உள்ளதை வாங்க வேண்டாம். அதில் சரியான கரியர் பூட்ட முடியாது, அசையும் மூட்டுகள் விரைவில் தேய்ந்து ஆடும். பிறேம் இரும்பா அலுமினியமா என்று கேளுங்கள். இரும்புப் பிறேம் வெடித்தால் ஊர் வெல்டிங் கடையில் ஒட்டலாம். அலுமினியத்தை அங்குள்ள சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது. மூன்றாவது, கியர் எத்தனை என்பதல்ல, அந்தக் கியருக்கான உதிரிப்பாகம் உங்களுக்கு அண்மையிலுள்ள நகரத்தில் கிடைக்குமா என்பதே கேள்வி. கடைக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல் இன்னொரு கடையிலும் விசாரியுங்கள்.

இருபத்தாறு எல்லாம் இருபத்தாறு அல்ல

ஒரு தாய் பஸ் ஏறி நகரத்திற்குப் போய், “26 அங்குல ரயர்” என்று கேட்டு வாங்கி வந்தார். வீட்டில் பூட்டப் பார்த்தால் ரயர் றிம்மில் நிற்கவில்லை, சுற்றிவரத் தொங்கியது. “சுவாமி, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று நம்மிடம் வந்து சொன்னார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டிலும் 26 என்றே போட்டிருந்தது.

விடயம் இதுதான். பெண்கள் ஓடும் சாதாரணச் சைக்கிளின் ரயரில் 26 × 1⅜ என்று பின்னமாக எழுதியிருக்கும். மவுண்டன் சைக்கிளின் ரயரில் 26 × 1.95 அல்லது 26 × 2.125 என்று தசமத்தில் எழுதியிருக்கும். இரண்டும் வேறு வேறு றிம்முக்கானவை. முதலாவது உட்காரும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர், இரண்டாவதினுடையது 559. ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல வித்தியாசம். ஒன்று மற்றதற்கு ஒருபோதும் பொருந்தாது. பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ ரயருக்கான றிம் 635 மில்லிமீற்றர்.

நல்ல ரயர்களின் பக்கவாட்டில் 37-590, 50-559, 40-635 என இரண்டு எண்கள் சிறிதாகப் பொறித்திருக்கும். முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது எண் றிம்மின் விட்டம். இரண்டாவது எண் ஒத்திருக்க வேண்டும். அகலம் சற்றுக் கூடிக் குறையலாம். பழைய ரயரிலுள்ள எண்ணை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனால் பஸ் காசு மிஞ்சும். மவுண்டனில் இப்போது 27.5, 29 என்றும் வருகின்றன. 29 இன் றிம் விட்டம் 622, ஆகவே நமது 28 × 1½ ரயர் அதற்குப் பொருந்தாது.

காற்று

சைக்கிள்களின் ஆயுளைக் குறைப்பவற்றுள் முதலிடம் காற்றுக் குறைவுக்கே. காற்றுக் குறைந்த ரயரோடு கல்லில் ஏறினால், றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இரண்டு ஓட்டையைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுப் போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். மவுண்டன் ரயரில் பெரும்பாலும் 40 முதல் 65 இறாத்தல் வரை என்று எழுதியிருக்கும். மூட்டை ஏற்றும் நாளில் பின் ரயருக்கு மேல் எல்லையை அண்டியும், மணலில் வெறுமனே ஓடும் நாளில் கீழ் எல்லையை அண்டியும் அடியுங்கள். மானி இல்லாதவர்கள் பெருவிரலால் பக்கவாட்டை அழுத்திப் பார்க்கட்டும். ஆள் ஏறி இருந்தபின் ரயர் சற்றே மட்டும் பிதுங்க வேண்டும்.

பழைய சைக்கிளின் வால்கட்டையில் சிறிய றப்பர்க் குழாய் ஒன்று இருக்கும். அது வெயிலில் உக்கிப்போனால் ரியூப்பில் ஓட்டையில்லாமலே காற்று இறங்கும். ஒட்டுப்போடக் கொடுக்குமுன் இதை மாற்றிப் பாருங்கள். ஓர் அங்குல றப்பரைச் சைக்கிளிலேயே கட்டி வைத்திருப்பது நல்லது. மவுண்டனில் வருவது மோட்டார் சைக்கிளில் உள்ளதைப்போன்ற வால்வு. வீட்டிலுள்ள பழைய பம் அதற்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிள் கடையில் காற்றடிக்கலாம், ஆனால் அங்குள்ள இயந்திரம் ஒரு நொடியில் ரியூப்பை வெடிக்கச் செய்யும். விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுப் போடுவதில் அநேகர் விடும் பிழை அவசரம். ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொலூசனை மெல்லிதாகப் பூசி, கையில் ஒட்டாத அளவுக்கு அது காயும் வரை ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் இரண்டாம் நாள் கழன்றுவிடும். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைச் சீலையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் இன்னும் குத்தி நின்றால் சீலை அதில் மாட்டும். வெறுங்கையால் தடவ வேண்டாம், கண்ணாடித் துண்டும் கம்பியும் இருக்கக்கூடும்.

செயின்

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது நாளடைவில் பசைபோல் இறுகி, தூசியைச் சேர்த்துக் குழம்பாக்கிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய கறுத்த ஒயிலும் வேண்டாம். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும், தோலுக்கும் கேடு. தடை இருந்த காலத்தில் வேறு வழியின்றிக் கிடைத்ததையெல்லாம் விட்டோம். இன்று புதிய என்ஜின் ஒயில் ஒரு சிறு போத்தல் வாங்கினால் ஒரு வருடத்திற்குப் போதும்.

பழைய பல் தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துச் செயினைக் கழுவுங்கள். நன்றாக உலரவிடுங்கள். பின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி ஒயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைச் சீலையால் துடைத்துவிடுங்கள். ஒயில் உள்ளே இருந்தாற் போதும். வெளியே இருப்பது செம்மண்ணைப் பிடித்து வைத்து, அரத்தைப்போல் பற்களை அராவும். கடற்கரையோரம் இருப்பவர்களும் மணல் பாதையில் ஓடுபவர்களும் இதைக் கிழமைக்கு ஒரு முறை செய்வது நல்லது. மற்றவர்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒன்று போதும். மழையில் நனைந்தால் அன்றே.

செயின் தேய்ந்ததா என்பதை ஓர் அடிமட்டத்தால் அறியலாம். ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஊசியின் நடு சரியாக வந்து நிற்கும். அந்த ஊசி கோட்டைத் தாண்டிப் பதினாறில் ஒரு அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு அங்குலம் போயிருந்தால் பல்சில்லுகளும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அவற்றில் வழுக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். முதலாவது செலவைத் தள்ளிப்போடுபவர் இரண்டாவது செலவைத் தேடிக்கொள்கிறார். வாங்கும்போது அகலத்தையும் சொல்லுங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு எட்டில் ஒரு அங்குல அகலம், கியர் உள்ளதற்கு அதைவிட ஒடுங்கியது. செயின் பூட்டின் கிளிப் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

கியரைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெடல் மிதித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். ஏற்றத்தில் முக்கி மிதிக்கும்போதல்ல, ஏற்றம் தொடங்குமுன் மாற்றுங்கள். முன்னுக்குப் பெரிய பல்லும் பின்னுக்குப் பெரிய பல்லும் சேர்ந்து வராமற் பார்த்துக்கொள்ளுங்கள், செயின் கோணலாக இழுபட்டுத் தேயும். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால், திரும்ப ஏறுமுன் பின்னால் போய் நின்று கியர் மாற்றும் பொறி நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே வளைந்திருந்தால், அது கம்பிகளுக்குள் சிக்கிச் சில்லையே உடைத்துவிடும். கியர் முற்றாகப் பழுதாகிப் பாகமும் கிடைக்காவிட்டால், அந்தப் பொறியைக் கழற்றி, செயினைக் குறுக்கி, ஒரு பல்லில் மட்டும் ஓடும்படி செய்யலாம். பின் சில்லு அச்சை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பிறேமாக இருந்தால் அது இன்னும் இலகு. வேலியோரம் கிடப்பதைவிட அது மேல்.

ஹப்பும் பிறேக்கும்

மாரி முடிந்து வயல் வேலை சற்றுத் தணிந்ததும் இரு ஹப்புகளையும் திறந்து, கழுவி, புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான சைக்கிள்களில் முன் ஹப்பில் பக்கத்திற்கு 10 சிறிய போல்ஸ், பின் ஹப்பில் பக்கத்திற்கு 9 கால் அங்குலப் போல்ஸ். கழற்றும்போதே எண்ணி எழுதுங்கள். பழையதும் புதியதும் கலந்து போட வேண்டாம், புதியதே முழுச் சுமையையும் தாங்கி உடையும். கோனை இறுக்கியபின் சில்லு ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது. முன் சில்லைத் தூக்கிப் பிடித்தால், வால்வின் பாரத்திலேயே அது மெதுவாகச் சுற்றி நிற்க வேண்டும்.

பெடல் கழற்றத் தெரியாமல் கட்டையின் புரியை அழித்தவர்கள் பலர். இடப் பெடலின் புரி மறுபக்கப் புரி. இரு பக்கத்துக்கும் ஒரே விதியாக நினைவில் வையுங்கள்: ஸ்பனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, முன் சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சில்லுப் பக்கம் இழுத்தால் கழரும்.

பழைய சைக்கிளின் குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பிடிப்பதில்லை. மாரியில் சந்தி வருமுன்னரே பிறேக்கை மெல்லப் பிடித்து றிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மவுண்டனின் பிறேக் கட்டைகள் றிம்மின் பக்கத்தில் முழுதாகப் பதிகின்றனவா, ரயரில் உரசுகின்றனவா என்று பாருங்கள். ரயரில் உரசினால் ஒரு கிழமையில் ரயர் கிழியும். வட்டத்தட்டுப் பிறேக் உள்ளதில் அந்தத் தட்டில் ஒரு துளி ஒயிலும் படக்கூடாது. பட்டால் கட்டைகளை மாற்ற நேரிடும்.

சுமை, பிள்ளை, வெளிச்சம்

மூட்டை உயர உயரச் சைக்கிள் தடுமாறும். உரப்பை இரண்டைத் தைத்து, கரியரின் இரு பக்கமும் சமபாரமாகத் தொங்கவிட்டால் பாரம் அச்சுக்கு அண்மையில் நிற்கும். மவுண்டனுக்கு விற்கும் மெல்லிய அலுமினியக் கரியர்களில் 25 கிலோ என்று எழுதியிருப்பதை நம்புங்கள், அதற்குமேல் ஏற்றாதீர்கள். ஹான்டிலில் வாளியோ பையோ தொங்கவிடுவது முன் சில்லுக்குள் சிக்கி ஆளைத் தூக்கி எறியும். கம்பி ஒன்று அறுந்தால் அன்றே போடுங்கள், பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து ஒவ்வொன்றாக அறும்.

பின்னுக்கு இருக்கும் பிள்ளையின் காலைப்பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நித்திரை தூங்கிய பிள்ளையின் குதிக்கால் கம்பிகளுக்குள் போனால் தோலும் தசையும் கிழிந்து, எலும்பும் முறியக்கூடும். அந்தப் புண் ஆற மாதங்கள் எடுக்கும். பின் சில்லின் இரு பக்கமும் வலை அல்லது பழைய பிளாஸ்ரிக் கூடையை வெட்டிக் கட்டுங்கள். பிள்ளைக்குக் கால் வைக்கக் கட்டை பூட்டுங்கள். சேலையும் பாவாடையும் சிக்காமல் இருக்கவும் அதே வலை உதவும். காசு செலவழித்துப் பெல்லும் குஞ்சமும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

ஏ9 வீதியிலும் பிரதான வீதிகளிலும் இப்போது வாகனங்கள் வேகமாக ஓடுகின்றன. விடியமுன் சந்தைக்குப் போகும் சைக்கிள் சாரதியின் கண்ணில் படுவதில்லை. டைனமோ விளக்கு சைக்கிள் நின்றவுடன் அணைந்துவிடும், ஆகவே பின்னுக்கு ஒளிதெறிக்கும் சிவப்புக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும். மூட்டை அதை மறைத்தால் மூட்டையின் மேலேயே இன்னொன்றைக் கட்டுங்கள். பின் மட்காட்டின் நுனியில் வெள்ளை மை பூசுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். தூரப் பள்ளிக்கூடத்துக்குப் பிரதான வீதியால் போகும் பிள்ளைக்குத் தலைக்கவசம் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

ஆயுதங்களை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. 15 மில்லிமீற்றர் ஸ்பனர், கோன் பிடிக்கும் மெல்லிய ஸ்பனர், 4, 5, 6 மில்லிமீற்றர் அறுகோணச் சாவிகள், கம்பி இறுக்கும் சாவி, செயின் ஊசி தள்ளும் கருவி, ஒரு நல்ல பம் ஆகியவற்றைப் பத்து வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டியில் வைக்கலாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பொறுப்பெடுத்து, கொடுத்ததையும் திரும்ப வந்ததையும் கொப்பியில் எழுதட்டும். பெண்பிள்ளைகளுக்கும் இந்த வேலையைப் பழக்குங்கள். குடும்பத் தலைவியே உழைக்கும் வீடுகள் நம்மிடையே பல, அங்கு ஒட்டுப் போடவும் ஆளைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு வேலை உண்டு, அதற்கு ஸ்பனர் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரு பெடல்களுக்கும் நடுவிலுள்ள உருண்டைப் பகுதியின் அடியைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் பிறேம் இலக்கம் அங்குதான் அடித்திருக்கும். சிலவற்றில் சீற்றின் கீழுள்ள குழாயில் இருக்கும். அந்த இலக்கத்தை எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டோடு சேர்த்து, அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.